கணக்குக் கேட்கும் உரிமை: கண்ணூர் பீடித் தொழிலாளரும் வேலையிடத்து ஜனநாயகமும்

(இணையவழி நேரலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

கனடாவிலிருந்து காலையிலும், ஐரோப்பாவிலிருந்து பிற்பகலிலும், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து தூக்கத்தைத் தள்ளிவைத்து இரவிலும் இணைந்திருக்கும் நண்பர்களுக்கு நன்றி. இந்த வரிசையில் பெரும்பாலும் நாவல்களையும் கவிதைகளையும் பற்றியே பேசியிருக்கிறோம். இன்று ஓர் ஆய்வு நூலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1998இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'டெமாக்ரசி அட் வொர்க் இன் ஆன் இண்டியன் இண்டஸ்ட்ரியல் கோஆப்பரேடிவ்' என்ற நூல். எழுதியவர்கள் மூவர்: பின்னாளில் கேரளத்தின் நிதியமைச்சரான டி.எம். தாமஸ் ஐசக், அமெரிக்க மானிடவியலாளர் ரிச்சர்ட் ஃபிராங்கி, பியாரேலால் ராகவன். கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் நடத்திய கேரள தினேஷ் பீடி என்ற கூட்டுறவின் கதை அது. வேலை செய்யும் இடத்தில் ஜனநாயகம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது இந்த நூலைத்தான்.

நூலுக்குள் போவதற்கு முன் என் ஆச்சியைப் பற்றி இரண்டு நிமிடம்.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் பீடி சுற்றினார்கள். ஆச்சியும் சுற்றினாள். மடியில் தட்டு, அதில் நனைத்து வெட்டிய இலை, தூள், நூல், கத்தரி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் கட்டுகளைத் துணியில் முடிந்து பீடிக்கடைக்கு எடுத்துப்போவாள். நானும் கூடப் போவேன். கடையில் ஒருவர் கட்டுகளைப் புரட்டிப் பார்த்து இரண்டு மூன்றைத் தனியே எறிவார். அது கழிவு. அதற்குக் கூலி கிடையாது, பீடியைத் திருப்பித் தருவதும் கிடையாது. ஏன் என்று ஆச்சி அங்கே கேட்டதில்லை. திரும்பும் வழியில் என்னிடம்தான் சொல்வாள்: "இலையக் குடுத்தது அவந்தானல. ஓட்ட இலையக் குடுத்தா நான் என்னத்தச் சுத்த?"

இதே ஆச்சி எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. வாக்குச்சாவடி திறக்கும் முன்பே வரிசையில் நிற்பாள். நாட்டின் பிரதமரை மாற்றுவதில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது. அந்தக் கழிவுக் கட்டைக் கையில் எடுத்து "இதில் என்ன குறை?" என்று கேட்கும் இடம் மட்டும் அவளுக்கு இல்லை. இன்றைய பேச்சு இந்த இடைவெளியைப் பற்றியது.

கேட்பதும் முடிவெடுப்பதும்

ராபர்ட் டால் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1985இல் வந்த தன் நூலில் இந்த இடைவெளியை நேராகக் கேள்வி கேட்டார். ஓர் அரசை ஆள்வதற்கு ஜனநாயகமே நியாயமான வழி என்றால், ஒரு நிறுவனத்தை ஆள்வதற்கும் அதே நியாயம் ஏன் பொருந்தாது? இரண்டு இடத்திலும் சிலர் விதி செய்கிறார்கள், பலர் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். அவருக்கு முன்பே, 1970இல், கரோல் பேட்மன் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். மக்கள் ஜனநாயகத்தைப் பங்கெடுத்துத்தான் கற்கிறார்கள். ஆயுளில் பெரும்பகுதியைக் கழிக்கும் வேலையிடத்தில் அந்தப் பயிற்சி இல்லாவிட்டால், ஐந்தாண்டுக்கு ஒரு முறை போடும் ஓட்டு மட்டும் அதைக் கற்றுத்தராது என்பது அவருடைய வாதம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உங்களில் பலருடைய அலுவலகங்களில் ஆண்டுக்கொரு முறை கருத்துக்கணிப்பு வரும். மேலாளர் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்பார்கள். நல்ல விஷயங்கள்தான். ஆனால் அங்கே உங்களைக் கேட்கிறார்கள், முடிவை அவர்களே எடுக்கிறார்கள். கேட்பதும் கேட்காததும் அவர்கள் விருப்பம். வேலையிடத்து ஜனநாயகம் என்பது முடிவெடுக்கும் அதிகாரத்தில் வேலை செய்பவருக்கு உரிமையாக ஒரு பங்கு இருப்பது. அது இருக்கிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். மேலே இருப்பவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யார் நீக்க முடியும்? கணக்குப் புத்தகம் யாருக்குத் திறந்திருக்கிறது? அநியாயம் நடந்தால் முறையிடும் ஆள் யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கண்ணூருக்குப் போவோம்.

மூடிய கதவுகள்

வட கேரளத்தில் பீடித் தொழில் பெரும்பாலும் மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட முதலாளிகளின் கையில் இருந்தது. 1966இல் இந்திய நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென ஒரு சட்டம் இயற்றியது. வேலை நேரத்துக்கு வரம்பு, வார விடுமுறை, கூலியுடன் விடுப்பு, மகப்பேற்றுச் சலுகை, வேலை நடக்கும் கட்டடத்துக்கு உரிமம் என்று அதுவரை இந்தத் தொழிலாளர்கள் கண்டிராத பலவும் அதில் இருந்தன. 1967இல் கேரளத்தில் ஆட்சிக்கு வந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு அடுத்த ஆண்டு அதை நடைமுறைப்படுத்தியது. முதலாளிகள் தங்கள் பீடிக் கம்பெனிகளை மூடினார்கள். சுமார் 12,000 பேர் வேலையிழந்தார்கள்.

முதலாளிகள் பீடி செய்வதை விட்டுவிடவில்லை. இலையையும் தூளையும் இடைத்தரகர் வழியாக வீடுகளுக்கு அனுப்பினால் கம்பெனியும் வேண்டாம், சட்டமும் எட்டாது. இந்தியாவின் பல பகுதிகளில் பீடித் தொழில் அப்படித்தான் வீட்டுத் திண்ணைக்குப் போனது. என் ஆச்சியின் தட்டு அவள் மடிக்கு வந்த வழியும் அதுதான்.

கண்ணூரில் வேறொன்று நடந்தது. தொழிற்சங்கங்களும் அரசும் சேர்ந்து 1969 பிப்ரவரியில் ஒரு கூட்டுறவைத் தொடங்கினார்கள். தொழிலாளி சேர்வதற்கான பங்குத் தொகைக்கு அரசு கடன் கொடுத்து, பின்னர் கூலியில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொண்டது. ஊர்வாரியாகத் தொடக்கச் சங்கங்கள்; அவற்றுக்கு மேலே கண்ணூரில் ஒரு மையச் சங்கம். அரசு நியமித்த ஜி.கே. பணிக்கர் முதல் தலைவர். சில ஆயிரம் பேருடன் தொடங்கியது, 1980களின் முதற்பாதியில் ஏறத்தாழ 42,000 பேருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு வளர்ந்தது.

கேரளத்துக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1950களின் பிற்பகுதியில் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடியபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலில் கூட்டுறவுகள் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். இன்றும் தலைப்பாகைக்காரர் மசாலா தோசை கொண்டுவந்து வைக்கும் இந்தியன் காபி ஹவுஸ் அப்படி வந்ததுதான். ஆனால் காபி ஹவுஸை விட்டுவிட்டு நான் பீடிக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. அது இலக்கியக் காரணம்.

படிப்பவர்

பீடி சுற்றும் கொட்டகையில் இயந்திரம் கிடையாது, இரைச்சல் கிடையாது. கைக்கும் கண்ணுக்கும் வேலை. காது சும்மா இருக்கும். கண்ணூர்ப் பீடிக் கொட்டகைகளில் 1930களிலிருந்தே அந்தக் காதுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒருவர் முன்னால் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். காலையில் செய்தித்தாள், பிறகு கதையோ நாவலோ. மலையாள நாவல்கள், மொழிபெயர்ப்பில் வந்த கார்க்கி எல்லாம் அந்தக் கொட்டகைகளில் அப்படி உள்ளே வந்தவை.

படிப்பவருக்குக் கூலி யார் கொடுப்பது? அவர் படிக்கும் நேரத்தில் பீடி சுற்ற முடியாது. சுற்றாத பீடிக்கு முதலாளி காசு தரமாட்டார். எனவே மற்றவர்கள் ஆளுக்குச் சில பீடிகள் சுற்றி அவர் கணக்கில் சேர்த்தார்கள். எதைப் படிப்பது என்பதும் அவர்கள் பேசி முடிவு செய்ததுதான். எந்தப் பத்திரிகை, எந்த நாவல், நேற்று விட்ட இடத்தில் தொடர்வதா என்பதில் சண்டையும் வரும். சண்டை போட்டு, பெரும்பான்மைக்கு இணங்கி, மறுநாள் மீண்டும் பக்கத்தில் உட்கார்ந்து சுற்ற வேண்டும்.

இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பொதுத் தேவைக்கு எல்லாரும் தங்கள் உழைப்பிலிருந்து ஒரு பங்கு தருகிறார்கள். அதைச் செய்ய ஒருவரை அமர்த்துகிறார்கள். அவர் என்ன செய்ய வேண்டும் என்று கூடி முடிவு செய்கிறார்கள். தோற்றவர்கள் முடிவை ஏற்கிறார்கள். வரி, பிரதிநிதி, வாக்கு, எதிர்க்கட்சி எல்லாம் இதில் இருக்கின்றன. கூட்டுறவு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, முதலாளியின் கூரைக்கடியிலேயே, இந்த மனிதர்கள் தங்களைத் தாங்களே ஆள்வதற்குப் பழகியிருந்தார்கள். 1969இல் ஒரு முழு நிறுவனம் அவர்கள் கைக்கு வந்தபோது அது சிதறிப்போகாததற்கு அரசுக் கடன் ஒரு காரணம், வலுவான தொழிற்சங்கம் ஒரு காரணம். மூன்றாவது காரணம் இந்தப் பழக்கம் என்பது என் வாசிப்பு.

கியூபாவிலும் இதே கதை உண்டு. 1865இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் உரக்க வாசிக்கும் வழக்கம் தொடங்கியது. அங்கும் தொழிலாளர்கள் கூலியிலிருந்து பணம் போட்டே வாசிப்பவரை அமர்த்தினார்கள். அடுத்த ஆண்டே ஸ்பானிய ஆளுநர் அதைத் தடை செய்தார். வழக்கம் பிறகு மீண்டும் உயிர்பெற்றது. புலம்பெயர்ந்த கியூபர்கள் அதை அமெரிக்காவின் டாம்பா நகருக்குக் கொண்டுபோனார்கள். 1931இல் அங்கே முதலாளிகள் வாசிப்பவர்களை வெளியேற்றி, அந்த இடத்தில் வானொலியை வைத்தார்கள். புரிந்துதான் செய்தார்கள். வானொலி பேசும், ஆனால் அது என்ன பேச வேண்டும் என்று தொழிலாளர்கள் கூடி முடிவெடுக்கத் தேவையில்லை.

சங்கம் நடந்த விதம்

இப்போது நம் மூன்று கேள்விகளைத் தினேஷ் பீடியிடம் கேட்போம்.

முதல் கேள்வி, யார் தேர்ந்தெடுப்பது? தொடக்கச் சங்கத்தின் உறுப்பினர் என்பவர் அங்கே பீடி சுற்றுபவர். இயக்குநர் குழுவில் பெரும்பான்மையானவர்களை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவருக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஒரு வாக்குத்தான். கூட்டுறவின் அடிப்படை விதி அது. தொடக்கச் சங்கங்களின் பிரதிநிதிகளுக்கு மையச் சங்கத்தில் இடம் உண்டு. அரசின் ஆட்களும் இருந்தார்கள். மத்திய இந்தியக் காடுகளிலிருந்து இலை வாங்குவது, புகையிலை வாங்குவது, விலை வைப்பது, விற்பது எல்லாம் மையச் சங்கத்தின் பொறுப்பு. சுற்றும் வேலை ஊர்க் கொட்டகைகளில் நடந்தது. இந்தப் பிரிவு முக்கியம். எல்லாவற்றையும் எல்லாரும் முடிவு செய்ய முடியாது. இலைச் சந்தை அறிந்தவர் இலை வாங்கட்டும். ஆனால் வாங்கிய இலை ஓட்டையாக இருந்தால் சுற்றுபவரின் குரல் அவருக்குப் போய்ச் சேர ஒரு வழி இருக்க வேண்டும். என் ஆச்சிக்கு இல்லாதது அந்த வழிதான்.

இரண்டாவது, கணக்கு. தொடக்கச் சங்கத்தின் வரவு செலவு பொதுக்குழுவின் முன் வந்தாக வேண்டும். லாபம் எவ்வளவு, போனஸ் எவ்வளவு, இருப்பில் எவ்வளவு என்பது ரகசியமில்லை. நாள் முழுக்கச் செய்தித்தாள் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த எண்களைக் கேட்டுவிட்டுச் சும்மா கலைந்துபோகிறவர்கள் அல்லர்.

மூன்றாவது, முறையீடு. கூட்டுறவிலும் பீடியைச் சரிபார்க்க ஆள் உண்டு. குறையுள்ள பீடியை அங்கும் தள்ளத்தான் செய்தார்கள். தரம் இல்லாவிட்டால் யாருடைய கூலியும் நிற்காது. ஆனால் சரிபார்ப்பவர் சங்கத்தின் ஊழியர். சங்கத்தின் குழு, சுற்றுபவர்கள் தேர்ந்தெடுத்த குழு. "இதில் என்ன குறை?" என்ற கேள்வி அங்கே வேலைக்கு உலை வைக்கும் கேள்வி அல்ல. தொழிற்சங்கமும் கலைந்துவிடவில்லை. முதலாளியே இல்லாத இடத்தில் சங்கம் எதற்கு என்று தோன்றலாம். தாங்களே தேர்ந்தெடுத்தவர்களிடமிருந்தும் பாதுகாப்புத் தேவைப்படும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாட்டில் ஆளுங்கட்சி இருந்தால் எதிர்க்கட்சியும் வேண்டும் என்பதைப் போலத்தான் இதுவும்.

எந்தச் சட்டத்தைக் காட்டி முதலாளிகள் கதவை மூடினார்களோ, அந்தச் சட்டத்தின் பலன்களைக் கூட்டுறவு கொடுத்தது. கூலியுடன் விடுப்பு, மகப்பேற்றுச் சலுகை, வருங்கால வைப்பு நிதி, போனஸ் எல்லாம் கொடுத்தும் அது பல ஆண்டுகள் லாபத்தில் நடந்தது. கட்டுப்படியாகாது என்று சொன்ன வாதத்துக்கு இதைவிட நேரடியான பதில் இருக்க முடியாது.

இடறிய இடங்கள்

இத்தோடு நிறுத்தினால் இது துதிபாடலாகிவிடும்.

தொடக்கத்தில் ஆண்கள் நிறைந்திருந்த கொட்டகைகளில் காலப்போக்கில் பெண்களே பெரும்பான்மையானார்கள். இயக்குநர் குழுக்களில் மட்டும் ஆண்களே மிகுதியாக இருந்தார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி எங்கும் மீறப்படவில்லை. ஆனால் கூட்டம் எப்போது நடக்கிறது? வேலை முடிந்த பிறகு. அந்த நேரத்தில் ஒரு பெண் எங்கே இருக்க வேண்டும் என்று வீடு எதிர்பார்க்கிறது? அடுப்படியில். கூட்டத்துக்கு வராதவர் வேட்பாளர் ஆவதில்லை. ஜனநாயக விதி சரியாக இருந்தும் ஜனநாயகம் குறைபட முடியும் என்பதற்கு இது நல்ல பாடம். கூட்டத்தின் நேரத்தை மாற்றுவது சின்ன விஷயமாகத் தோன்றும். யார் ஆள்வது என்பது சில சமயம் அதில்தான் முடிவாகிறது.

அரசியல் கட்சியின் நிழலும் இருந்தது. கட்சியும் சங்கமும் இல்லாமல் இந்தக் கூட்டுறவு பிறந்திருக்காது. அதே காரணத்தால், சங்கத் தேர்தலில் யார் நிற்பது என்பதில் கட்சிக்கும் ஒரு கை இருப்பது இயல்பாகிப் போகும். தாயின் கையைப் பிடித்து நடந்த பிள்ளை எப்போது கையை விடுவது என்பது எல்லா இயக்கங்களுக்கும் உள்ள சிக்கல்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விடக் கடினமானது. அவர்கள் செய்த பொருள் பீடி. அது ஆளைக் கொல்லும். 1999இல் பொது இடங்களில் புகைப்பதற்குத் தடை விதித்ததும் கேரளத்தின் உயர் நீதிமன்றம்தான். அதற்கு முன்பே இளைஞர்கள் பீடியை விட்டு விலகத் தொடங்கியிருந்தார்கள். பொருள் சமூகத்துக்குக் கேடு, ஆனால் அதைச் செய்பவர்கள் நீங்களே, முடிவெடுப்பவர்களும் நீங்களே. என்ன செய்வீர்கள்? ஒரு முதலாளி கம்பெனியை மூடிவிட்டு முதலை எடுத்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போவார். கூட்டுறவால் தன் ஆட்களை விட்டுவிட்டுப் போக முடியாது, ஆட்கள்தான் கூட்டுறவு. 1990களின் இறுதியிலிருந்து தினேஷ் உணவுப்பொருள், குடை, ஆயத்த ஆடை, கணினித் தொழில் என்று பிரிந்தது. தேங்காய்ப் பாலும் மசாலாப் பொடியும் தினேஷ் பெயரில் வந்தன. எல்லாம் சமமாக வெற்றி பெறவில்லை. பீடி சுற்றிய அத்தனை கைகளுக்கும் புதிய தொழில்களில் இடம் இல்லை. சங்கம் புதிதாக ஆள் எடுப்பதைக் குறைத்து, ஓய்வு பெறுபவர்களுக்குரியதைக் கொடுத்து, மெல்ல மெல்லச் சுருங்கியது. தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. சாகும் ஒரு தொழிலிலிருந்து பல்லாயிரம் பேரைத் தெருவில் விடாமல் இறக்கி வைப்பதும் ஒரு சாதனை என்று நான் சொல்வேன்.

கேள்வி நேரத்திலிருந்து

நேரலையில் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன். ஜெர்மனியிலிருந்து ஒரு நண்பர் கேட்டார்: "நாங்கள் யாரும் கூட்டுறவில் வேலை செய்யவில்லை. கம்பெனியில் வேலை. எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?"

உங்கள் நாட்டிலேயே பாதி பதில் இருக்கிறது. ஜெர்மனியில் ஐந்து நிரந்தர ஊழியர்கள் இருக்கும் இடத்திலேயே ஊழியர்கள் தங்களுக்கென ஒரு பணியிடக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். வேலை நேர அட்டவணையிலிருந்து ஆட்குறைப்பு வரை அந்தக் குழுவைக் கலக்காமல் நிர்வாகம் செய்ய முடியாதவை பல. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு. சமநிலை வந்தால் தீர்க்கும் வாக்கு தலைவருடையது. அவர் பங்குதாரர் தரப்பிலிருந்து வருவார் என்பதால் அது முழுச் சமமல்ல. நார்வேயில் 30 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களில் ஊழியர்கள் கேட்டால் இயக்குநர் குழுவில் தங்கள் பிரதிநிதியை அமர்த்த உரிமை உண்டு. இரண்டு நாடுகளிலும் நம்மவர்கள் நாற்பது ஆண்டுகளாக வேலை செய்கிறார்கள். சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் தொடங்கியவர்கள் அவர்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் பொறியாளர்கள், தாதியர்கள். உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவுக்கான தேர்தலில் நம் பெயர் எத்தனை முறை இருந்திருக்கிறது? மொழி தெரியாது, வம்பு வேண்டாம், வேலை போய்விடும் என்று ஒதுங்கியதும் நாம்தானே. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். என் ஆச்சியும் கடையில் வாய் திறக்காமல்தான் வந்தாள்.

உங்களுக்கு இன்னொரு இடமும் இருக்கிறது. ஊர்ச் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள், கோயில் நிர்வாகங்கள், இந்த மாதிரி வாசிப்பு வட்டங்கள். அங்கே கணக்கு வாசிக்கப்படுகிறதா? கூட்டக் குறிப்பு எழுதப்படுகிறதா? ஒரே ஆள் பதினைந்து ஆண்டுகளாகத் தலைவராக இருக்கிறாரா? பெண்கள் சமையலுக்கு மட்டும் அழைக்கப்படுகிறார்களா? வேலையிடத்தில் வாய் திறப்பதற்கான பயிற்சியை இந்த இடங்களில் தொடங்கலாம். கண்ணூரில் அது, இன்று எந்த நாவலைப் படிப்பது என்ற கேள்வியில் தொடங்கியது.

அடுத்த மாதம் எந்த நூலைப் பேசுவது என்று இதுவரை நாங்கள் மூன்று பேர்தான் முடிவு செய்துவந்தோம். இந்த முறை நான்கு நூல்களின் பெயர்களை அரட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறேன். உங்கள் வாக்கைப் பதிவிடுங்கள். பெரும்பான்மை எதுவோ அதைப் பேசுவோம். எனக்குப் பிடிக்காத நூல் வந்தாலும் நான் படித்துவிட்டே வருவேன்.